கண்ணாடிக்குள் வராத மகள்

மிருதுளா புது வேலையின் சீருடையோடு வீட்டுக்கு வந்தாள். பார்வை மங்கிப்போன அப்பாவுக்கு, வேறொரு உயர்ரகக் கம்பெனியின் கேமரா பொருத்திய கண்ணாடி வழியாகத்தான் உலகமே தெரியும்.

"அம்மிணி, சத்தம் கேக்குது. ஆளக் காணோமே?" என்று கையால் துழாவினார்.

பதறிப்போய்க் கண்ணாடிக் கம்பெனிக்குப் போன் செய்தாள்.

"கண்ணாடி கேமராவுல பாத்துட்டேன், நீங்க போட்டிருக்கறது எங்க போட்டிக் கம்பெனிச் சட்டை மேடம். எங்க விற்பனை விழுந்ததிலிருந்து, அவங்க சின்னம் இருக்கற எதையும் எங்க கண்ணாடி காட்டாது."

"அதுக்கு எங்கப்பாகிட்ட இருந்து என்னையே மறைப்பீங்களா?"

"சட்டைய மாத்திக்குங்க மேடம்."

மிருதுளாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கண்ணாடியைப் பிடுங்கி உடைத்தால், அப்பாவுக்கு மிச்சமிருக்கிற பார்வையும் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு சட்டையை மாற்றி வந்தாள்.

இப்போது அப்பாவுக்கு அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது.

"ஏங்கண்ணு அழுவற?" என்றார்.