மூக்கு மாஸ்டரின் ராஜினாமா

மேசைமேல் ஆறு சோப்புக் கட்டிகள் வரிசையாக இருந்தன. உறை இல்லை, பெயர் இல்லை; ஒன்று முதல் ஆறு வரை எண் மட்டும் கீறியிருந்தது.

"நேத்து சாயங்காலம் வாசல்ல உங்க பையில இருந்து எடுத்தது. இன்னைக்குக் காலையில ராஜினாமாக் கடிதம். இதை நான் என்னன்னு எடுத்துக்கிறது, மாஸ்டர்?" என்றார் முதலாளி.

எதிரே இருந்தவரைத் தொழிற்சாலையில் எல்லாரும் மூக்கு மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பெனி விற்கும் ஒவ்வொரு சோப்புக்கும் வாசனை அமைத்தவர். கண்ணை மூடிச் சோப்பை முகர்ந்து பார்க்கும் அவர் முகம்தான் உறையில், லாரியில், கடைப் பலகையில் எல்லாம். முதலாளியின் முகம் அவர் தெருக்காரர்களுக்கே சரியாகத் தெரியாது.

"அடுத்து வரப்போற சோப்புக்கு ஆறு மாதிரி போட்டிருக்கேன், முதலாளி. எது தேறும்னு வீட்ல வெச்சுப் பார்க்கத்தான் எடுத்துட்டுப் போனேன்."

"ஏன், இங்க பார்த்தா ஆகாதா?"

"இங்க பத்து வாசனை ஒண்ணா அடிக்குது, குழப்பிடும். எத்தனையோ வருஷமா இப்படித்தான் செய்யறேன். உங்க அப்பா இருந்தப்போ யாரும் பையைத் திறந்து பார்த்ததில்லை."

"அதான் இப்போ பார்க்கச் சொன்னேன். ஒரு துண்டு சோப்புகூட வாசலைத் தாண்டக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கு. படிச்சுட்டும் எடுத்திருக்கீங்க!"

"அதனாலதான் விலகிக்கிறேன். வீட்டுக்குக் கொண்டு போகாம என்னால இந்த வேலையைச் செய்ய முடியாது."

முதலாளி பக்கத்தில் இருந்த வக்கீலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ஒரு வார்த்தையும் நம்பவில்லை.

அந்த அறைக்கு அன்று காலையில்தான் பெயின்ட் அடித்திருந்தார்கள். வக்கீல் கைக்குட்டையை மூக்கைவிட்டு எடுக்கவே இல்லை. முதலாளிக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஈரச் சுவரோரம் நாற்காலியில் இருந்த மாஸ்டர் மட்டும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தார். கல்லுளிமங்கன், லேசில் பிடி கொடுக்க மாட்டான் என்று முதலாளி மனசுக்குள் கறுவிக்கொண்டார்.

"எதிர் கம்பெனிக்காரன் கூப்பிட்டானா?"

"ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. வரலைன்னுட்டேன்."

"அப்போ சொந்தக் கடை! பூட்டிக் கிடக்குற பழைய அச்சகத்தை நீங்களும் உங்க வீட்டம்மாவும் போய்ச் சுத்திப் பார்த்தீங்களாமே? தண்ணிக் குழாயைக்கூடத் திறந்து பார்த்தீங்களாம். குடியிருக்கவா?"

மாஸ்டர் முதல் தடவையாகத் தடுமாறினார். "அவதான் பார்க்கணும்னு சொன்னா. இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலை."

"ஆக, எங்க சோத்துல வளர்ந்த மூக்கு, எங்களை எதிர்த்தே கடை போடப் போகுது. நீங்க அந்தத் தாளை எடுங்க, வக்கீல் சார்."

பதினோரு பக்க ஒப்பந்தம் அது. ஐந்து வருஷத்துக்கு மாஸ்டர் யாருக்காகவும் சோப்புக்கு வாசனை அமைக்கக் கூடாது; முகர்ந்து பார்த்து யோசனை சொல்லக் கூடாது; பெயரையும் முகத்தையும் தரக் கூடாது. கையெழுத்துப் போட்டால் கௌரவமாக வெளியே போகலாம். இல்லையென்றால் ஆறு கட்டிகளோடு திருட்டுப் புகார் போலீஸுக்குப் போகும்.

போலீஸ் என்றதும் மாஸ்டரின் முகம் வெளுத்தது. பேனாவை வாங்கி, பதினோரு பக்கத்திலும் மளமளவென்று கையெழுத்துப் போட்டார்.

அதுவும் முதலாளியை உறுத்தியது. "படிக்காமலேயே போடறீங்க?"

"உங்க சந்தேகம் தீரணும்ல. எனக்கு ஒரு பிரதி குடுங்க, போதும்."

வாசலில் காவலாளி மறுபடியும் பையைத் துழாவினான். சாப்பாட்டு டப்பாவும் ஒப்பந்தமும்தான் இருந்தன. பக்கத்தில் நின்ற லாரி முழுக்க மாஸ்டரின் முகம் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தது.

முதலாளி மாடி ஜன்னலைவிட்டு நகரவில்லை. "இவ்வளவு லேசுல விட்டுக் குடுக்கற ஆள் இல்லையே..."

"சந்து பொந்து இல்லாம எழுதியிருக்கேன் சார்," என்றார் வக்கீல். "இனி அவர் சோப்புப் பக்கம் மூச்சு விட்டாலே கேஸ்தான்."

எதிரே பஸ் நிறுத்தத்தில் மாஸ்டரின் மனைவி காத்திருந்தாள். மாஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"திருட்டுக் கேஸ் போடுவேன்னாங்க. இருபத்தஞ்சு வருஷம் சோறு போட்ட இடம், அங்க திருடன்னு பேர் எடுக்க மனசு வரலை. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

"சரி விடுங்க. தாளைக் குடுங்க, பார்ப்போம்."

இரண்டு பஸ் வந்து போயின. அவள் ஏறவும் இல்லை, நிமிரவும் இல்லை. விரலால் வரி வரியாகத் தொட்டுப் படித்தாள். மாஸ்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வசமா மாட்டிக்கிட்டோமா? நம்ம கடை அவ்வளவுதானா?"

அவள் கடைசிப் பக்கத்தையும் முடித்து, தாள்களைத் தட்டி அடுக்கினாள்.

"அந்தக் காய்ச்சல்ல உங்களுக்கு வாசனையே தெரியாமப் போய்ப் பத்து வருஷமாச்சு. பதினோரு பக்கமும் அந்த மூக்கைத்தாங்க கட்டிப் போட்டிருக்காங்க," என்றாள். "அன்னையிலிருந்து மோந்து பார்த்துச் சொல்ற என் மூக்கைப் பத்தி ஒரு வரிகூட இல்லை!"