எல்லாம் ஒரே ஆரஞ்சு

“இந்த மூணு வட்டத்துல ஒண்ணு மட்டும் வேற ஆரஞ்சு. எதுன்னு சொல்லுங்க.”

“நடுவுல இருக்கறது,” என்றாள் தையல்காரி, கண்ணைக்கூட இடுக்காமல்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவர், கணக்கு வாத்தியார், எட்டிப் பார்த்தார். மூன்றும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே நிறம். அவருக்கு வியர்த்தது.

ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த இடத்தில், ஒரே மாதிரி இருந்த நூல்கண்டுகளை அவள் ‘இது வேற, அது வேற’ என்று பிரித்துப் போட்டதைப் பார்த்துத்தான் கண் ஆராய்ச்சியாளர் அவளை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்திருந்தார். வட்டங்களை மாற்றி மாற்றிக் காட்டினார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

“சார், நம்ம கண்ணுல நிறம் பாக்கற செல் மூணு வகை. உங்க மனைவிக்கு நாலாவதா ஒண்ணு இருக்கும்போல.”

“குருட்டாம்போக்குல சொல்லியிருப்பா மேடம். இன்னொரு தடவை வச்சுப் பாருங்க.”

“மத்தவங்களா இருந்தா பெருமைப்படுவாங்க சார்.”

“பெருமைதான். இந்த ஆரஞ்சை விட்டுட்டு நீலம் கீலம்னு ஏதாவது…”

“ஆரஞ்சுலதான் இவங்க புலி.”

வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை.

போன வாரம் அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது, தொட்டியில் இருந்த தங்கமீன் செத்து மிதந்தது. கல்யாணத்துக்கு அவருடைய அம்மா ஆசையாகக் கொடுத்த மீன். அதற்கு இரை போடாமல் அவள் ஒருநாளும் காபி குடித்ததில்லை. வாத்தியார் கடை கடையாக ஏறி இறங்கி, அச்சு அசலாக அதே ஆரஞ்சில் ஒன்றை வாங்கி வந்து தொட்டியில் விட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகத் தொட்டியின் பக்கம் போனாள். வாத்தியார் குறுக்கே பாய்ந்தார்.

“தண்ணி கலங்கியிருக்கு. நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“தள்ளுங்க. இது அந்த மீன் இல்லைன்னு நான் ஊர்லேர்ந்து வந்த அன்னிக்கே தெரியும்.”

“அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?”

“எந்த வாயால சொல்றது? உங்ககிட்ட செத்தது நாலாவது மீன். முதல் மூணும் என் கையில போச்சு.”

வாத்தியார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“அம்மாவுக்கு மட்டும் இது தெரிஞ்சா…”

“‘என் பிள்ளை தாங்கமாட்டான்’னு மூணு தடவையும் புது மீன் வாங்கிக் குடுத்ததே அத்தைதான்.”