மதராசி மாமா வேஷம்

பாலிகஞ்சில் இருந்த அந்தத் தனியார் நடிப்புப் பள்ளியில் ஆண்டு விழாவுக்கு ஒரு பெங்காலி நாடகம். அதில் வரும் மதராசி மாமா வேஷம் தனக்குத்தான் என்று சிவராம் அடித்துச் சொன்னான். வகுப்பிலேயே ஒரே தமிழன் அவன்தானே!

அவன் பேசிக் காட்டிய வசனத்தைக் கேட்ட ஆசிரியை மிதாலி தீதி உதட்டைப் பிதுக்கினாள்.

"உன் பெங்காலி ரொம்பச் சுத்தமா இருக்கு. மதராசி பேசற மாதிரியே இல்லையே!"

"நானே மதராசிதான், தீதி!"

"இருக்கலாம். ஆனா நம்பும்படியா இல்லை."

அடுத்து அரிந்தம் முகர்ஜி வந்தான். 'கொஞ்சம் தண்ணீர்' என்று கேட்கும் இடத்தில், பெங்காலிக்காரன் சொல்லும் 'ஜோல்' என்ற சொல்லை விட்டுவிட்டு, "எக்டு ஜலம்!" என்று ஒரு போடு போட்டான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. வேஷம் அவனுக்கே போயிற்று.

சிவராமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கேடா கத்துக்கிட்டே?"

"லேக் மார்க்கெட் காபிக் கடைக்கு ஒரு மாமா வருவார். பக்கத்துல உட்கார்ந்து பேச வெச்சேன். அப்படியே புடிச்சுக்கிட்டேன்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவனை அப்பா சீதாராமன் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"அரிந்தம்னு ஒரு பையன் என்னை நாடகம் பார்க்கக் கூப்பிட்டிருக்கான்டா! காபிக் கடையில ஒரு மாசமா என்னைப் பேசச் சொல்லிக் கேட்டுண்டே இருந்தான். நீதான், 'பெங்காலி பேசாதேப்பா, மானம் போறது'ன்னு என்னை வாயே திறக்க விடமாட்டேங்கறே!"