அனுப்புபவர்: வசந்த்

"வசந்த்னு இங்க எவன்யா? வெளிய வரச் சொல்லு அவனை!"

தாமல் கிராமத்து இளங்கோவன் போட்ட சத்தத்தில், வரதராஜப் பெருமாள் கோயில் கோபுரத்துப் புறாக்கள் கிளம்பி வாலாஜாபாத்தில் போய்த்தான் இறங்கியதாகப் பேச்சு. அவருக்குப் பின்னால் இரண்டு கார் நிறைய பங்காளிகள். ஒவ்வொருவரும் ஒரு நெல் மூட்டை அகலம்.

'வடிவாம்பாள் சில்க்ஸ்' முதலாளி குமாரசாமி, புதிதாக மாட்டியிருந்த முகப்புக் கண்ணாடியை ஒருமுறை பார்த்தார். பங்காளிகளை ஒருமுறை பார்த்தார்.

"உக்காருங்கண்ணே. இன்னா விஷயம்?"

"எம்பொண்ணு சத்யப்ரியாவுக்குத் தெனம் மெயில் அனுப்பறான்யா உங்க கடை வசந்த்! அவ போனை வெச்சிட்டுப் போனா, நானே பாத்தேன். இந்தா, நேத்து வந்தது: 'நீங்கள் பார்த்துவிட்டுப் போன நாளிலிருந்து உங்களுக்காகவே காத்திருக்கிறோம்.' இன்னிக்குக் காலைல: 'ஏன் பாதியிலேயே விட்டுவிட்டுப் போனீர்கள்? ஒரே ஒருமுறை திரும்பி வாருங்கள்.' வயசுப் பொண்ணுக்கு எழுதற எழுத்தாய்யா இது?"

குமாரசாமிக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"அண்ணே, அது ஆளே இல்லண்ணே! எங்க வெப்சைட்ல சேலையைக் கூடையில போட்டுட்டு வாங்காம போனா, சர்வர்லேருந்து தானா ஒரு மெயில் போயிடும். காத்துக்கினு இருக்கறது மாம்பழக் கலர் சேலைண்ணே! முன்ன அனுப்பறவர் பேரு 'ரூட்'னு அந்த சர்வர் பேரே வந்துக்கினு இருந்தது. ஒரு ஜனமும் தொறந்து பாக்கல. 'மனுசன் பேரு இருந்தாதான் படிப்பாங்க'ன்னு எம்பையன்தான் வசந்த்னு மாத்தி வெச்சான்."

"மிஷினு எம்பொண்ணைத் 'திரும்பி வா'ன்னுது. அதை நான் நம்பணும்?"

இளங்கோவன் சட்டைக் கையை மடித்தார். பங்காளிகளும் மடித்தார்கள். அரைக்கைச் சட்டை போட்டிருந்த ஒருவர், மடிக்க ஒன்றுமில்லாமல் வேட்டியை மடித்தார்.

"பெருமாள் மேல சத்தியம்ணே! காதல்னு வாயைத் தொறந்தா பெத்த புள்ளையையே வீட்ட விட்டுத் துரத்தறவன் நான். கடைல அப்படி ஒருத்தனை வெச்சிப்பனா?"

"வசந்த் வரணும். இல்லேன்னா இந்தக் கண்ணாடி இருக்காது."

குமாரசாமி பின்னறைக்கு ஓடினார். மகன் ஆனந்தராஜ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"டேய் ஆனந்து, கொஞ்ச நேரத்துக்கு நீதான்டா வசந்த்!"

"அடி வாங்கறதுக்கா? போப்பா, வேற ஆளைப் பாரு."

"ரெண்டு அறைதான்டா விழும். கண்ணாடியை நெனச்சுப் பாரு. உன் கால்ல விழறேன்டா!"

விழுந்தே விட்டார்.

ஆனந்தராஜ் பலியாடு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்து நின்றான். இளங்கோவன் அவனை ஒரு பிரதட்சணம் வந்தார். குமாரசாமி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அறைச் சத்தம் வரவில்லை. விசும்பல் சத்தம்தான் வந்தது.

"ஆறு மாசம்யா! எம்பொண்ணு ஒரு பதில் போடல. இவன் ஒரு கோவப்பட்டானா, ஒரு கெட்ட வார்த்த சொன்னானா? 'காத்திருக்கிறோம்'னே எழுதிக்கினு இருக்கான். கிறோம்! குடும்பமே காத்துக்கினு இருக்குதுய்யா! இந்தக் காலத்துல எங்க கெடைப்பான் இப்படி ஒரு மாப்ள?" கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். "டேய், கட்டை கார்லயே இருக்கட்டும். தட்டை எடுத்துக்கினு வாங்கடா!"

வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ, பழத்தோடு தட்டு வந்தது.

"யாரு பெத்த புள்ளைய்யா இது?"

"எம்... எம்புள்ளதான்."

"சம்பந்தி!" இளங்கோவன் கட்டிப்பிடித்ததில் குமாரசாமியின் முதுகெலும்பு இரண்டு அங்குலம் நீண்டது. "தையில வெச்சிக்கலாமா? இல்ல, எம்பொண்ணுகிட்ட சும்மா வெளாட்டுக்குத்தான் எழுதினானா?"

பங்காளிகளின் கைகள் மறுபடி சட்டைக் கையைத் தேடின.

"தை ரொம்ப நல்ல மாசம்ங்க" என்றார் குமாரசாமி, கண்ணாடியைப் பார்த்தபடி.

கார்கள் போயின. தட்டும் கையுமாக அவர் சிலையாக நின்றிருந்தபோது, பின்னறையில் ஆனந்தராஜ் போனில் தட்டினான்:

'சத்யா, முடிஞ்சுது! எங்கப்பாவே கால்ல விழுந்து கூட்டிக்கினு போனாரு. மெயில்ல இனிமே என் சொந்தப் பேரையே போட்டுடட்டா?'

மறுநொடி பதில் வந்தது: 'தாராளமா. தெனம் ஒரு சேலையைக் கூடையில போட்டுட்டு வாங்காம விட்டு விட்டு, எனக்கு விரலே தேஞ்சுபோச்சு!'