பதிமூன்றாவது மரை

“இன்னும் ஒரு மில்லிமீட்டர் கூடியிருக்கு” என்றார் மேஸ்திரி, ஸ்டூல் மேல் நின்றபடி. கூரை விரிசலின் குறுக்கே ஒட்டியிருந்த அளவுகோல் பொய் சொல்லாது. ஒரு தடவையாவது சொல்லித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

“உங்க சுரங்கம் எங்க வீட்டை முழுங்காம விடாது போலிருக்கே!” என்றார் வீட்டுக்கு மூத்தவர்.

வீட்டுக்கு நேர் கீழே, முப்பதே அடி ஆழத்தில், ரயில் சுரங்கம். ஒரு மீட்டர் தோண்டு, இரும்பு வளைவை நிறுத்து, அதன் மேல் சிமெண்ட் கலவையைப் பீய்ச்சு, அப்புறம்தான் அடுத்த மீட்டர். ஆழம் குறைச்சல் என்பதால், மேலே இருக்கிற வீடுகளுக்குள்ளும், திருகினால் உயரும் இரும்புத் தூண்களான ஜாக்கிகளை நிறுத்திக் கூரைக்கு முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

தெருவில் மற்ற வீட்டு ஜாக்கிகளையெல்லாம் கழற்றி ஒரு மாதமாகிறது. இந்த வீட்டு விரிசல் மட்டும் நிற்கமாட்டேன் என்கிறது. அது இரண்டு வாரம் அசையாமல் இருந்தால்தான் ஜாக்கியை எடுக்கலாம். அதுவரை கீழேயும் அடுத்த மீட்டர் கிடையாது. மண் சரிகிறதோ என்று பயந்து இன்ஜினியர் கூடுதல் வளைவு போடச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆட்கள் அலுத்துச் சலித்துப்போய்விட்டார்கள். இந்தத் துண்டு முடிந்தால்தான் மேஸ்திரிக்கு லீவு. அவர் வீட்டு முகம் பார்த்து நாலு மாதம்.

கூடத்தின் நட்டநடுவில் நின்றது ஜாக்கி. பக்கத்திலேயே செங்கல் அடுக்கியிருந்தது. கூடத்தை இரண்டாக்கிச் சுவர் வைக்க வேண்டிய இடமும் அதே இடம்தான்.

“என் தம்பிகிட்ட சொல்லுங்க மேஸ்திரி. ஜாக்கி போன மறுநாளே கொத்தனார் வந்துடுவார்” என்றார் மூத்தவர். தம்பி மூன்றடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணன்கிட்ட சொல்லுங்க. இந்தச் செங்கல் பத்தாது” என்றார் தம்பி.

மேஸ்திரி ஸ்டூலிலிருந்து இறங்கினார். இருக்கிற வேலை போதாதென்று இது வேறா!

“பொம்பளைங்க ஒத்துப்போகலை மேஸ்திரி. இல்லேன்னா நாங்க ஏன் பிரியப்போறோம்?” என்று மூத்தவர் பெருமூச்சு விட்டார்.

“அந்தச் சனியனை எப்போதான் பிடுங்குவீங்க?” அடுப்படியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

“ஆமாம், எனக்கும் தனியா நிம்மதியா மூச்சு விடணும்” என்றாள் தம்பி மனைவி, துணி மடித்தபடியே. ஓரகத்திகளுக்குள் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை.

அண்ணன் முன்வாசல் வழியாகவும் தம்பி பின்வாசல் வழியாகவும் வேலைக்குக் கிளம்பினார்கள். மேஸ்திரி தரைமட்டத்தைச் சரிபார்த்தார். ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. தரை இறங்காமல் கூரை மட்டும் எப்படி விரியும்?

ஜாக்கித் தண்டின் திருகு மரையைத் தொட்டுப் பார்த்தார். விரலில் எண்ணெய் ஒட்டியது. மற்ற வீடுகளில் துருவும் தூசியும் ஏறி, சுத்தியலால் தட்டித்தான் கழற்ற வேண்டியிருந்தது.

ஜாக்கியை நிறுத்திய அன்று வெளியே தெரிந்த மரை பதினொன்று. அதை அவரே பெயிண்டால் எழுதியும் வைத்திருந்தார். இப்போது எண்ணினார். பதிமூன்று. இரண்டு முழுச் சுற்று! யாரோ திருகித் திருகி ஜாக்கியை உயர்த்தி, அது கூரையை மேலே நெம்பியிருக்கிறது.

“யாரும்மா இதைத் திருகினது?”

தம்பி மனைவியின் கையிலிருந்த துணி நழுவியது. “நான்தான்” என்றாள் மெதுவாக. “நாலு தடவை. தடவைக்குக் கால் சுத்து.”

“உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? கூரை தலையில இறங்கியிருக்கும்! கீழே இருபது பேர், மண்ணு சரியுதுன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு முட்டுக் கொடுத்துக்கிட்டிருக்கோம்!”

“ஜாக்கி போனா சுவர் வந்துடுமே மேஸ்திரி!” அவள் உடைந்துவிட்டாள். “கல்யாணமாகி வந்ததுலேருந்து ஒரு வேளை நான் தனியாச் சாப்பிட்டதில்லை. என் பொண்ணு பெரியம்மாகிட்டதான் தலை பின்னிப்பா. சுவத்துக்கு இந்தப் பக்கம் உக்காந்து நான் என்ன பண்ணுவேன்?”

“அப்புறம் எதுக்கு, தனியா மூச்சு விடணும்னு சொன்னீங்க?”

“அக்கா நான் தொலைஞ்சா போதும்னு நிக்கறாங்க. நான் மட்டும் வெக்கத்தை விட்டுப் போய்க் கால்ல விழணுமா?”

மேஸ்திரி செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். கோபம் வடிந்துபோய், அசதி மட்டும் மிஞ்சியிருந்தது. கீழே போய் ஆட்களிடம் இதை எந்த வாயால் சொல்வது?

ஆனாலும் கணக்குப் பார்த்துப் பழகிய மனசு சும்மா இருக்கவில்லை. நாலு கால், ஒன்று. பதினொன்றும் ஒன்றும் பன்னிரண்டு.

“பதிமூணு இருக்கேம்மா. இன்னொரு சுத்து எப்படி வந்துச்சு?”

“சத்தியமா நாலு தடவைதான்.”

“இன்னும் ஏம்மா பொய் சொல்றீங்க? ஜாக்கி தன்னாலேயா திருகிக்கிச்சு?”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மூத்தவர் மனைவி நிலைப்படிக்கு வந்து, முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள். அவள் முகம் நிமிரவில்லை.

“அவளைத் திட்டாதீங்க மேஸ்திரி. மீதிச் சுத்து என்னோடது.”