சசிரேகா மேடத்தின் புது ஸ்டைல்

"பொண்ணுக்கே கல்யாண வயசு வந்துட்ச்சி. இப்போ போயி இதுக்கு ஸ்டைலு கேக்குது பாரு!"

கம்பெனி பஸ்ஸில் என் பின் சீட்டிலிருந்து வந்தது குரல். ஷெர்லின்தான். அவளும் நானும் ஒரே ஹாஸ்டல், ஒரே லைன்.

பேச்சு எங்கள் சூப்பர்வைசர் சசிரேகா மேடத்தைப் பற்றி. எப்போதும் வழித்துச் சீவிக் கொண்டை போட்டு வருபவர், முந்தின நாள் முன்முடியைக் கட்டையாக வெட்டி, ஜெல் தடவிக்கொண்டு வந்திருந்தார்.

பின் சீட்டுக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் இருந்த நிலா மட்டும் சிரிக்கவில்லை. துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

நிலா ட்ரெய்னி. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்ததற்குத் திருத்தணியில் மொட்டை போட்டவள். இப்போதுதான் முடி வளர்ந்து பிரஷ் மாதிரி நிற்கிறது.

எங்கள் வேலை சர்க்யூட் போர்டு. ஒரு முடி விழுந்தால் போர்டு வீண். தொப்பிக்கு வெளியே முடி தெரியவே கூடாது. ஹேர்பின் குத்தலாம் என்றால் வாசலில் மெட்டல் டிடெக்டர் கத்தும். எண்ணெய் தடவினால் நெற்றியில் வழியும். நிலாவின் முடியோ அரை மணியில் தொப்பியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்க்கும்.

ஏற்கெனவே இரண்டு வார்னிங். இரண்டையும் எழுதியவர் சசிரேகா மேடம். மூன்றாவது வந்தால் ட்ரெய்னிங் ரத்து. ஊருக்குப் போக வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை கஸ்டமர் ஆடிட் வேறு.

அன்று லைனுக்குள் நுழையும் முன்பே மேடம் அவளை நிறுத்தினார்.

"நீ இங்க வராத. ஸ்டோர்ல போயி ட்ரே தொடை."

"மேடம், முடிய நல்லா உள்ள தள்ளிட்டேன்..."

"சொன்னா கேளு. போ."

நிலா தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

பிரேக்கில் மேடம் கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். தொப்பியைக் கழற்றி முன்முடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஜெல் காய்ந்து தோளெல்லாம் வெள்ளையாக உதிர்ந்திருந்தது. முகத்தைச் சுளித்துத் தட்டிவிட்டார்.

ஷெர்லின் என் காதைக் கடித்தாள். "ரூல்ஸு ட்ரெய்னிக்கு. மேக்கப்பு மேடத்துக்கு."

மறுநாள் மேடத்திடம் வேறொரு ஜெல் வாசனை. மூக்கைத் துளைத்தது. நிலா இன்னமும் ட்ரேதான் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் சோப்பு வாங்க ஒரகடம் கூட்ரோடு ஃபேன்சி ஸ்டோருக்குப் போனோம். உள்ளே மேடம்! ஷெர்லின் என்னை வளையல் ஸ்டாண்டுக்குப் பின்னால் இழுத்தாள்.

"இது எவ்ளோ நேரம் நிக்கும்?" மேடம் கேட்டார்.

"ஃபங்ஷனுக்கா மேடம்? ரெண்டு மணி நேரம் கேரண்டி."

"ரெண்டு மணி நேரத்த வெச்சிக்கினு இன்னா பண்றது? ஒரு ஷிஃப்ட்டு நிக்கணும். வேர்த்தாலும் எழும்பக் கூடாது."

"அப்போ இந்த டப்பா. ஃபாரின் மாடல்."

"இது வெல ஜாஸ்தி. மாசாமாசம் வாங்கக் கட்டுப்படியாவாது. காஞ்சா வெள்ளையா உதிருமா?"

"மேடம், முடிக்குத்தான கேக்குறீங்க? செவுத்துக்கு அடிக்கப் போறீங்களா?"

மேடம் சிரிக்கவில்லை. கொக்கியில் தொங்கிய சின்னப் பாக்கெட் ஒன்றைத் தடவிப் பார்த்து, மோந்து பார்த்தார்.

"ஒரு தபாக்குப் போதும் போலகீது. ரெண்டு குடு."

அவர் போனதும் ஷெர்லின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மாசாமாசமாம்டி! இன்னும் இன்னா இன்னா கூத்து பாக்கணுமோ!"

வெள்ளிக்கிழமை காலை. உடை மாற்றும் அறை. மேடம் வந்தார். ஜெல் இல்லை, வெட்டிய முன்முடி விறைத்துக்கொண்டு நின்றது.

"நிலா, இங்க வா."

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். இன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தோம். நிலாவின் கண் அதற்குள் நிறைந்துவிட்டது.

மேடம் பையிலிருந்து மீதியிருந்த ஒரே பாக்கெட்டை எடுத்தார். பிதுக்கி, நிலாவின் நெற்றியிலிருந்து பின்கழுத்து வரை அழுத்தி அழுத்தித் தடவினார்.

"இதான் நிக்குது. நேத்து முழு ஷிஃப்ட்டும் தொப்பிக்குள்ள இருந்தேன், எழும்பல. உதிரவும் இல்ல. வெலயும் உனக்குத் தாங்கும்."

நிலா தலையைத் தொட்டுப் பார்த்தாள். "என் தலையிலயே போட்டுப் பாத்திருக்கலாமே மேடம்?"

"உன் தலையில எழும்பியிருந்தா மூணாவது வார்னிங். அதையும் நான்தான் எழுதணும். அதான் லைன் பக்கமே வுடல. என் தலையில எழும்புனா எனக்கு யாரு எழுதுவா?"

"அதுக்காகவா முடிய..."

"நீட்டு முடியில தடவிப் பாத்தா இன்னா தெரியும்? உன்னுது மாதிரி கட்டையா இருந்தாத்தான தெரியும்? சரி, அழுவாத. தலைய ஆட்டிப் பாரு."

நிலா ஆட்டினாள். மெதுவாக, பிறகு வேகமாக. ஒரு முடி அசையவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

சைரன் அடித்தது.

"ஆடிட்டர் வந்துட்டாங்க. கெளம்புங்க, கெளம்புங்க!"

எங்களை விரட்டிக்கொண்டே மேடம் அவசரமாகத் தன் தொப்பியை மாட்டினார். முன்முடி கட்டை கட்டையாக வெளியே நின்றது. உள்ளே தள்ளினார். மறுபடி வந்தது.

ஷெர்லின் பெஞ்சில் கிடந்த காலிப் பாக்கெட்டை எடுத்தாள். அதை ஓரத்தோடு கிழித்து, உள்ளே ஒட்டியிருந்த ஜெல்லை விரலால் வழித்து, மேடத்தின் முன்முடியில் தடவித் தொப்பிக்குள் தள்ளிவிட்டாள்.