நாற்பத்தொன்று

அடுத்த மாதம் வெளிவரப்போகும் வீடியோ கேம் ஒன்றில் விழுந்து விழுந்து சாவதுதான் அவன் வேலை. அதில் வரும் வீரன் ஊர்க்காரர்களிடம் பேசி, வாளும் வலிமையும் சேர்த்துக்கொண்டு, மேடைக்கு மேடை தாவ வேண்டும். கால் தவறினால் பள்ளத்தில் விழுந்து சாவான். மறுகணமே ஒரு கீறலும் இல்லாமல் தன் வீட்டு வாசலில் நிற்பான். மொத்தம் நாற்பது பள்ளம். தினமும் அத்தனையிலும் விழுந்து, சாவு எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஒழுங்காக ஏறுகிறதா என்று அவன் சோதிப்பான்.

இன்று கேமைத் திறந்ததுமே எண்ணிக்கை ஒன்று என்றிருந்தது.

“அண்ணே, நான் இன்னும் கையே வைக்கலை.”

“அழிச்சுட்டு முதல்லேர்ந்து பாருப்பா,” என்றார் புரோகிராமர்.

அழித்தான். மறுபடியும் ஒன்று. கேமுக்கே தூக்கக் கலக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டான். சாயங்காலம் அது நாற்பத்தொன்றில் நின்றது.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வழக்கமான கேலிதான்: “இன்னைக்கு எத்தனை தடவை செத்தீங்க?”

“நாப்பது. அது என்னவோ நாப்பத்தொண்ணுங்குது.”

“சரியாத்தானே சொல்லுது,” என்றாள் அவள், நிமிராமல். “காலையில மாடிப்படியில உருண்டு விழுந்தீங்க. நான் ஓடி வந்து பாக்குறதுக்குள்ள மறுபடி நம்ம வாசல்ல நிக்கிறீங்க. சட்டைகூடக் கசங்கலை. ரெண்டாவது தடவையா ‘போயிட்டு வரேன்’னு சொல்லிட்டுப் போனீங்க.”